பழைய மோட்டார் படகு: எஞ்சினைப் பிரித்து மாட்டுவதா, தூக்கிப் போட்டு மாற்றுவதா?

சேலத்தில் மோட்டார் படகு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் ‘எங்கே விடப் போறீங்க, மூக்கனேரியிலயா?’ என்றுதான் கேட்பார்கள். என் மச்சினன் அதையும் கேட்டுக்கொண்டுதான் வாங்கினான். கடலூர்ப் பக்கம் உப்புத் தண்ணீரில் பல வருடம் ஓடிய 16 அடி ஃபைபர் படகு, பின்னால் இரண்டு சிலிண்டர் 25 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அடியில் துருப்பிடித்த டிரெய்லர், எல்லாம் சேர்த்து ஒரே விலை. கொளத்தூரைத் தாண்டி மேட்டூர் நீர்த்தேக்கத்துக் கரையோரம் அவனுக்கு நிலம் இருக்கிறது, முறைப்படி அனுமதி வாங்கி அங்கே ஓட்டுவதாகத் திட்டம். படகு இப்போது ஓமலூர் ரோட்டில் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. வந்து பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

யோசனைகள் மொத்தம் நான்குதான். இருக்கிற எஞ்சினையே பிரித்துச் சரிசெய். அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கு. கடற்கரைக்காரர்கள் மாதிரி லாங் டெயில் டீசல், அதாவது நீளக் கம்பி நுனியில் புரொப்பெல்லர் சுற்றுகிற எஞ்சின் போடு. கடைசியாக, ‘இப்ப எல்லாம் பேட்டரிதாங்க’. நான்குமே நியாயமான யோசனைகள்தான். நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: நடுத்தண்ணீரில் நின்று போனால், சேலத்தில் இருந்துகொண்டு இதை யார் கைவைத்துச் சரிசெய்வார்கள்? கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ துறைமுகப் பக்கம் போய் நின்றாலே மெக்கானிக் கிடைப்பார், பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய பாகமும் கிடைக்கும். இங்கிருந்து கடலூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரு ரப்பர் சக்கரத்துக்காக ஒரு நாள் போய்விடும்.

எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது படகின் பின்பலகை. அவுட்போர்டு எஞ்சின் தொங்குகிற அந்தப் பின்சுவரை டிரான்சம் என்பார்கள், வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் பிளைவுட். எஞ்சினை மாட்டிய போல்ட் ஓட்டைகள் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கி உள்ளே மரம் ஊறிப் போயிருக்கும், வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். விற்பவர்கள் கடைசியாகப் பெயிண்ட் அடிக்கிற இடமும் அதுதான் என்பது என் சந்தேகம்.

சோதனை சுலபம். எஞ்சினின் கீழ்க்காலை (தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற அடிப்பகுதி) பிடித்து மேலும் கீழும் அசைத்துக்கொண்டே பின்பலகையைப் பாருங்கள், எஞ்சினோடு சேர்ந்து பலகையும் வளைந்து கொடுத்தால் விஷயம் இருக்கிறது. அப்புறம் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று கேட்டால் சரி, ‘தப்’பென்று அமுங்கிக் கேட்டால் அந்த இடம் ஊறியிருக்கிறது. முடிவாகத் தெரிய வேண்டுமென்றால் உள்பக்கமாக, அடியில், 5 மி.மீ. துளை ஒன்று போட்டு, டிரில் பிட்டில் வருகிற தூளை விரலில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெளிறிய உலர்ந்த தூளாக இருந்தால் துளையில் எபாக்ஸி பசை வைத்து மூடிவிட்டு நிம்மதியாகப் போகலாம். கறுத்து, ஈரமாக, விரலில் ஒட்டிக்கொண்டு, புளித்த வாடையோடு வந்தால் எந்த எஞ்சினையும் அதில் தொங்கவிடக் கூடாது. எங்கள் படகில் மேல் போல்ட்டுக்குப் பக்கத்தில் தூள் நன்றாக வந்தது, தண்ணீர் வடிகிற துளைக்குப் பக்கத்தில் போட்டபோது கறுப்பு. மச்சினன் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை.

இதில் சேலத்துக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பின்பலகை மாற்றுவது கடல் சம்பந்தப்பட்ட வேலையே இல்லை, அது ஃபைபர் வேலை. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஃபைபர் தெரிந்த கைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக இருக்க வேண்டும், கடைக்காரர் ‘இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான்’ என்று கதவுக்குப் போடுகிற பிளையைக் காட்டுவார், கேட்காதீர்கள். இன்னொன்று, பஸ் பட்டறையில் வழக்கமாக ஓடுவது பாலியஸ்டர் ரெசின். புதிதாக வார்க்க அது போதும், பழைய காய்ந்த ஃபைபர் மேல் ஒட்டிப் பிடிக்க எபாக்ஸிதான் பலம். விலை கூடுதல்தான், ஆனால் அந்த ஒட்டுதலில்தான் 50 கிலோ எஞ்சின் தொங்கப் போகிறது. எபாக்ஸிக்குப் பின்னிய கண்ணாடித் துணி போட வேண்டும். பட்டறையில் கிடக்கிற ‘மேட்’ என்கிற கண்ணாடி இழைப் பாயில் பெரும்பாலும் இருக்கும் பசை பாலியஸ்டரில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது.

அடுத்து எடை. மிதப்பதற்காகத் தரைக்கு அடியில் நிரப்பியிருக்கும் ஃபோம் வருடங்கள் போகப் போகத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சங்ககிரியில் எடைமேடைக்குப் பஞ்சமா என்ன, டிரெய்லரோடு ஏற்றி ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், படகை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லருக்கு இன்னொரு சீட்டு. லாரிக்கான மேடை என்பதால் அஞ்சு பத்து கிலோ முன்னப்பின்னக் காட்டும், பரவாயில்லை, நாம் தேடுகிற வித்தியாசம் நூறு கிலோ கணக்கில் இருக்கும். ஊறிய ஃபோமை வெயிலில் போட்டுக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெட்டி எடுக்கத்தான் வேண்டும். எங்களுடையதில் எடை ஒழுங்காக இருந்தது, தப்பித்தோம்.

சரி, இப்போது எஞ்சின்.

பழைய டூ-ஸ்ட்ரோக்கை வைத்துக்கொள்வதா என்பதைக் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் மீட்டர்தான் சொல்லும். பைக் மெக்கானிக்கிடமே அது இருக்கும். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எஞ்சின் உலோகத்தோடு எர்த் செய்துவிட்டு (இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி தருகிற சிடிஐ பெட்டி போய்விடலாம்), த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். இந்த மாதிரி எஞ்சின்களில் 90 முதல் 130 பிஎஸ்ஐ வரை எதுவும் வரலாம். முக்கியம் அந்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேலே செலவு செய்யலாம். ஒன்று 115, இன்னொன்று 80 என்று வந்தால் அந்த எஞ்சினைப் பிரித்து ரிங், பிஸ்டன், போரிங் (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது) என்று போக வேண்டியிருக்கும். போரிங் பட்டறைக்குச் சேலத்தில் குறைவில்லை. ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்து பார்த்த பிறகுதான் பிளாக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் போர் செய்துவிட்டுப் பிறகு பிஸ்டனைத் தேடினால், கிடைக்காத பிஸ்டனுக்காக ஒரு நல்ல பிளாக் கொட்டகையில் கிடக்கும். எங்களுக்கு வந்தது 110, 105. எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன பெரிய மாமா அத்தோடு பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்து கியர் எண்ணெய். கீழ்க்காலின் அடியில் உள்ள திருகை ராத்திரி முழுக்க எஞ்சின் நேராக நின்ற பிறகு காலையில் திறக்க வேண்டும், தண்ணீர் புகுந்திருந்தால் கனம் காரணமாக அடியில் தேங்கி அதுதான் முதலில் வரும். எங்களுடையதில் வந்தது ஏற்காட்டு எஸ்டேட்டில் தருகிற பால் காபி நிறம். எண்ணெயும் தண்ணீரும் கடைந்து கலந்துவிட்டது என்று அர்த்தம், எங்கோ சீல் போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் காரணம் அங்கேயே இருந்தது. ஷாஃப்டைச் சுற்றி மீன் வலை நைலான் நூல், சூட்டில் உருகி, கறுத்து, ஒரு வளையமாகவே இறுகியிருந்தது. அதைப் பிளேடு வைத்து அறுத்து அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. அது சீலுக்கு அடியில் நுழைந்து ரப்பர் விளிம்பைத் தின்றுவிட்டது. மேட்டூரிலும் வலை போடாத இடம் குறைவு. அதனால் புதுச் சீல் மாட்டியதோடு விடாமல், புரொப்பெல்லரைக் கழற்றி நூல் பார்ப்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் நிரப்பும்போது கீழ்த் துளை வழியாக மேல்நோக்கி நிரப்புங்கள், மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். திருகு வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிது.

தண்ணீர் பம்ப் இம்பெல்லர், அதாவது நான் முன்னால் சொன்ன அந்த ரப்பர் சக்கரம், எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரை மேலே தள்ளுவது அதுதான், பழைய படகில் அது எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாக வாங்கி ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். கொட்டகையில் ஓட்டிப் பார்க்க 200 லிட்டர் நீல டிரம் போதும், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கீழ்க்கால் நன்றாக மூழ்கும்படி தண்ணீர் நிரப்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்ச வேண்டும், அது வரவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். ‘ரெண்டு நிமிஷம் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே’ என்று தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் புது இம்பெல்லரே கருகிப் போகும்.

உப்புத் தண்ணீரில் இருந்து வந்த எஞ்சினில் உண்மையான போராட்டம் போல்ட்டுகளோடுதான். அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் வருடக்கணக்கில் உப்போடு இருந்தால் அலுமினியம் அரித்துப்போய், வெள்ளைப் பொடி கட்டி, ஒன்றையொன்று விடாது. தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு போல்ட் தலை உடைந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருக்கிறவரிடம் எஞ்சினை அப்படியே கொண்டுபோனோம். ‘டிரில் போட வேண்டாம்ணா, சூடு காட்டினா தானா வந்துரும்’ என்றவர், உடைந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் கொடுத்தார், சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஸ்பேனரால் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம். வந்துவிட்டது. அவர் படகு எஞ்சினைத் தொட்டது அன்றுதான் முதல்முறை. சேலத்தில் இந்த எஞ்சினை வைத்து ஓட்டலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது அந்த இடத்தில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, டைமிங் பெல்ட் கிடையாது, கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. ஆர்எக்ஸ் 100 பைக் பிரித்துப் பழகிய தலைமுறை இன்னும் நம் ஊரில் இருக்கிறது.

அந்தத் தலைமுறையிடம் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. பைக்குக்கு ஊற்றுகிற 2டி ஆயிலைத்தான் ஊற்றச் சொல்வார்கள். அவுட்போர்டு எஞ்சின் குளிர்ந்த தண்ணீரால் குளிர்விக்கப்படுவது, நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடுவது, அதற்கு டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ள ஆயில்தான் வேண்டும். சாம்பல் தராத ஆயில் அது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. புதுப் பிஸ்டன் போட்டிருந்தால் பழகும்வரை அதைப்போல் இரண்டு மடங்கு.

பழைய எஞ்சினுக்கு எதிரான நிஜமான வாதம் பெட்ரோல். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ஹோஸ், பிரைமர் பல்ப் (கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றுகிற ரப்பர் குமிழ்), கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை, மெல்ல இளகி உள்ளே சில்லுச் சில்லாக உரியும். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகி டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஆயில் கலந்த பெட்ரோல் மேலே, ஆயில் இல்லாத தண்ணீர்-எத்தனால் கீழே: டூ-ஸ்ட்ரோக்குக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. போதாததற்கு எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். ஆக, ஹோஸ்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று சேர்த்து, ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரைக் காலி செய்து, பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் தேக்காமல் இருக்க முடியும் என்றால்தான் பழைய எஞ்சின். வருடத்தில் இரண்டு தடவை மட்டும் படகைத் தொடுகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு வராது, அவர்கள் அடுத்த வழிகளைத் தொடர்ந்து படிக்கலாம். எரிபொருள் குடிக்கிற அளவையும் மறைக்கக் கூடாது, முழு வேகத்தில் மணிக்கு 10 லிட்டர் பக்கம் போகும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். சத்தம் குறைவு, புகை இல்லை, ஆயில் கலக்க வேண்டாம், மெதுவாக ஓட்டும்போது பெட்ரோல் கணிசமாகக் குறையும். புதிதாக வாங்க லட்சங்களில் பேச வேண்டும், அந்த வசதி உள்ளவர்கள் வாரண்டியோடு புதிதாக வாங்கிக்கொள்ளட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். நான் தடுப்பது செகண்ட் ஹேண்ட் ஃபோர்-ஸ்ட்ரோக்கை. நான்கு வழிகளில் சேலத்துக்குப் பொருந்தாதது அதுதான் என்பது என் தீர்மானமான கருத்து. வால்வு இடைவெளி, சில ரகங்களில் டைமிங் பெல்ட், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தவற்றில் கோளாறு கண்டுபிடிக்கவே கம்பெனி மென்பொருள் என்று ஒவ்வொன்றும் கடற்கரைப் பக்கம் உள்ள ஆளைத் தேடவைக்கும். கவிழ்ந்து தண்ணீர் குடித்த எஞ்சினைக் கழுவித் துடைத்து விற்றிருந்தால் நம் ஊர் மெக்கானிக் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? பழைய டூ-ஸ்ட்ரோக்கில் ஏமாந்தால் ஒரு பிஸ்டன் செலவு, பழைய ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஏமாந்தால் எஞ்சின் விலையே போகும்.

எதை வாங்கினாலும் இரண்டு அளவு பாருங்கள். 25 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் 50 கிலோ பக்கம், அதே சக்தியுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் 60-லிருந்து 75 கிலோ வரை போகும், அந்தக் கூடுதல் எடையும் அதே பின்பலகையில்தான். அப்புறம் ஷாஃப்ட் நீளம். 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும், பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று குட்டை ஷாஃப்ட் வாங்கி உயரமான பலகையில் மாட்டினால் புரொப்பெல்லர் தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் கடையும்.

லாங் டெயில் டீசலை நான் முதலில் அலட்சியமாகத்தான் கேட்டேன், போகப் போக அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் நீளக் கம்பியோடு ‘டக டக டக’ என்று ஓடுகிறதே, அது. ஒற்றைச் சிலிண்டர், பல ரகங்கள் காற்றாலேயே குளிர்பவை, அவற்றில் தண்ணீர் பம்ப் கிடையாது. கீழே கியர் பெட்டி கிடையாது, சீல் போய் எண்ணெய் வெளுக்கிற தொல்லை கிடையாது. 10 எச்.பி. டீசல் முழு பாரத்தில் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். எத்தனால் கவலையும் இல்லை. சேலத்தைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கிணற்று டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டிய ஒருவர் இருப்பார், நாஸில், பம்ப், ரிங் என்று அவர் பாஷையிலேயே பேசலாம். யார் கை வைப்பார்கள் என்ற என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இதுதான்.

மேட்டூருக்கு என்று வரும்போது இன்னொரு பலமும் சேர்கிறது. 1934-ல் கட்டி முடித்த அணை, 120 அடி முழு நீர்மட்டம், ஆனால் மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நன்றாக இறங்குகிற வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், ஊரே போய்ப் படம் எடுக்கும். படகு ஓட்டுகிறவனுக்கு ஆபத்து அவை வெளியே தெரியும் நாட்களில் இல்லை, அதற்கு முந்தைய வாரங்களில்தான். அரை அடித் தண்ணீருக்குக் கீழே சுவரோ பாறையோ பழைய மரக்கட்டையோ நிற்கும், வேகமாகப் போகிற அவுட்போர்டின் கீழ்க்கால் அதில் மோதினால் கியர் பெட்டியே உடையலாம். லாங் டெயிலில் கைப்பிடியை அழுத்தினால் புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும், ஆழமில்லாத இடத்தையும் ஆகாயத்தாமரை மண்டிய இடத்தையும் அப்படியே தாண்டிவிடலாம்.

குறைகளும் கண்ணுக்கு நேராகத் தெரிபவைதான். காதைப் பிளக்கிற சத்தம், உடம்பெல்லாம் அதிர்வு, பல ரகங்களில் ரிவர்ஸ் கிடையாது, பின்னால் பல அடிக்கு மூடியில்லாத ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், குழந்தைகளை ஏற்றுகிற படகுக்கு அது எனக்குச் சம்மதமில்லை. எங்கள் படகின் அடிப்பகுதி வேகம் எடுத்து தண்ணீர் மேல் ஏறி ஓடுவதற்காக வார்த்தது, 10 எச்.பி. டீசலில் அது ஒரு நாளும் ஏறாது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்துதான் போகும். ஊர்ந்து போவதே வேலை என்றால், மீனோ தீவனமோ ஏற்றிக் கொண்டுபோவது என்றால், இதைவிடப் புத்திசாலித்தனமான எஞ்சின் இல்லை.

பேட்டரி விஷயத்தில் கணக்கு பேசட்டும். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 25 எச்.பி.யை ஒரு மணி நேரம் முழுதாக ஓட்ட சுமார் 18.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது ஐந்து யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு, எடை 40 கிலோவுக்கு மேல். ஆக மேட்டூரில் பழைய எஞ்சின் தந்த வேகத்தை மின்சாரத்தில் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ஆனால் வேகம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் கணக்கே மாறிவிடும். 16 அடிப் படகு தண்ணீர் மேல் ஏறாமல் ஓடும்போது மணிக்கு 10 கிலோமீட்டர்தான் அதன் இயல்பான உச்சம், அதற்குக் கொஞ்சம் கீழே ஓட்ட 3 கிலோவாட் மோட்டார் போதும், அந்த ஒரு பேட்டரியில் ஒன்றரை மணி நேரம் ஓடும். கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017-லிருந்து ‘ஆதித்யா’ என்ற 75 பேர் ஏறுகிற சூரியசக்திப் படகு பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறது, அதுவும் மெதுவாக ஓடுவதை ஏற்றுக்கொண்ட வடிவமைப்புதான்.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் தோட்டத்துக் குளத்துக்கு எங்கள் பழைய எஞ்சினைக் கேட்டார். வேண்டாம், பேட்டரி போடுங்கள் என்று தயங்காமல் சொன்னேன். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சாதாரண பெட்ரோல் எஞ்சின் மூன்று சதவீதம் பக்கம் சக்தி இழக்கும், ஆக மொத்தம் 15 சதவீதம் போச்சு. காற்று மெலிவதால் கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தந்து பிளக் கறுக்கும், சின்ன ஜெட் மாற்ற வேண்டும். (இ20 கலவையை மெலிக்கிறது, மலை அதைக் கொழுக்க வைக்கிறது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஈடாகும் என்று ஒரு மெக்கானிக் சமாதானம் சொன்னார். கணக்கு சரிதான், அதை நம்பி எஞ்சின் மாட்ட முடியாது.) மின் மோட்டாருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. குளம் சின்னது, கரையிலேயே கரண்ட் இருக்கிறது, தோட்டத்து அமைதியில் டூ-ஸ்ட்ரோக் சத்தம் யாருக்கு வேண்டும்? மேட்டூர் அணையின் முழு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடிதான், அங்கே இந்த உயரப் பிரச்சினை எதுவும் கிடையாது.

எங்கள் முடிவு: பழைய டூ-ஸ்ட்ரோக் இருக்கட்டும். கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, சீல், இம்பெல்லர், ஹோஸ், தெர்மோஸ்டாட் போட்டால் ஓடும், மிச்சமாகிற பணம் பின்பலகைக்குப் போகட்டும். கம்ப்ரெஷன் போயிருந்தால் நான் டீசல் பக்கம் நின்றிருப்பேன், மச்சினன் குடும்பத்தை ஏற்ற வேண்டும் என்று புது ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் கடன் வாங்கியிருப்பான், அதில் இன்னும் இரண்டு மாதம் சண்டை போட்டிருப்போம்.

கடலில் இருந்து நன்னீருக்கு வருகிற எந்த எஞ்சினுக்கும் இன்னொரு மாற்றம் உண்டு. கீழ்க்காலில் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ள ஒரு உலோகக் கட்டி திருகியிருக்கும், ஆனோடு. கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் பொதுவாக அலுமினியக் கலவை. பழைய துத்தநாகக் கட்டி ஆற்றுத் தண்ணீரில் மேலே ஒரு படலம் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும், அரிப்பு கீழ்க்காலுக்குப் போகும். மெக்னீசியத் தாதுவான மாக்னசைட் வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு மெக்னீசியக் கட்டியை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. திரும்பக் கடலுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், உப்பில் சீக்கிரம் கரைந்துவிடும்.

டிரெய்லர் பேரிங், ஒயரிங், ஃப்யூஸ், ஸ்டியரிங் கேபிளுக்கு கிரீஸ் எல்லாம் கார் மெக்கானிக்கே பார்த்துக்கொள்வார். காகிதம் மட்டும் எந்த மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாதது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் எந்திரப் படகுகளுக்கு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 இருக்கிறது, ஆய்வும் பதிவும் அதில் வருகிறது. எஞ்சினில் அடித்திருக்கும் எண், பில்லில் உள்ள எண், விற்றவரின் பதிவுத் தாள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பணம் முழுசாகக் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, ஓட்டுகிறவர் மணிக்கட்டில் எஞ்சினை நிறுத்துகிற கயிறு. நான்கில் எந்த வழியில் போனாலும் இவற்றின் செலவு ஒன்றுதான். பின்பலகைக்கு எபாக்ஸி வந்து இறங்கியிருக்கிறது, ஃபைபர் ஆள் மழை விட்டதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஈரக் காற்றில் அந்த வேலையைத் தொட வேண்டாம் என்று அவரே சொன்னதால் நாங்களும் அவசரப்படுத்தவில்லை.